மரபு வில்லின் நாண்

வளைந்த வில்தண்டின் விசையை அம்புக்குக் கடத்தும் முறுக்குக் கயிறே நாண். வில்லில் எளிதாக மாற்றக்கூடிய பாகம் இதுதான். ஆனால் இதைக் கவனியாமல் விட்டால் வில்லே முறியும்.

அம்பாறை மாவட்டத்தில் வில் மரபுக்கு உரியவர்கள் மகாஓயாப் பக்கத்துப் பொல்லேபெத்த வேடர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் வேடர் வாழ்வை விரிவாகப் பதிந்துள்ளது. வேடர் வில் ஒற்றை மரத்தண்டு. நாண் திரித்த நார். இலங்கையின் உலர்வலயத்தில் வளரும் மருள் செடியின் இலைநாரும் தென்னாசியாவில் தொன்றுதொட்டு நாணாகப் பயன்பட்டது.

நபிமொழிகள் அம்பெய்தலை வலியுறுத்துவதால் கல்முனைக் கரை முஸ்லிம்களுக்கும் வில் அந்நியமல்ல. உஹதுப் போரில் வில்லாளர் நின்ற குன்றைக் கேள்விப்படாதவர் அரிது. பிற்காலத்து மம்லூக், துருக்கி வில்லாளர் கையாண்டது மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டிய மீள்வளை வில். 14ஆம் நூற்றாண்டில் தைபுகா எழுதிய வில்வித்தை நூல் வில்லில் நாண் பூட்டுவதையும் ஒரு கலையாகவே கற்பிக்கிறது.

மீள்வளை வில்லின் நுனிகள் முன்னோக்கி வளைவதால், பூட்டிய நாண் நுனியருகே தண்டின்மேல் படிந்து கிடக்கும். அது நடுக்கோட்டில் படியாவிட்டால் தண்டு திருகிப்போகும். பூட்டியவுடன் முதலில் பார்க்க வேண்டியது இதையே. நாணை முறுக்கினால் நீளம் குறைந்து, கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். முறுக்கைத் தளர்த்தினால் குறையும். 60 அங்குல வில்லுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் 7½ முதல் 8 அங்குலம். வில்லைச் செய்தவர் சொன்ன அளவே முடிவானது. இடைவெளி மிகக் குறைந்தால் நாண் முன்கையில் அறையும். புது நாண் முதலில் சற்று நீளும் என்பதால் அடிக்கடி அளக்க வேண்டும். நாண் திரிக்கும்போது, மருதமுனை நெசவாளர் பாவு இழுப்பதுபோல, எல்லா இழைகளும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். தளர்ந்த இழையின் பாரத்தை மற்றவை சுமந்து அறும்.

கடலோர ஈரக்காற்று பெரிய பகை. நனைந்த தசைநார் தளரும், பட்டு வலுவிழக்கும், சணலும் ஆளியும் ஈரத்தில் வலுக்கூடினாலும், உலராமல் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தேன்மெழுகைப் பூசித் தோல் துண்டால் சூடேறத் தேய்த்தால் மெழுகு உள்ளிறங்கும். அம்பு பொருந்தும் நடுப்பகுதியின் காப்புநூல் பிரிந்தால் உடனே புதிதாகச் சுற்ற வேண்டும். பழைய மரவில்லுக்கு நீளாத நவீன இழை ஆகாது. அதன் அதிர்வு நுனியைப் பிளக்கும். சற்று நீளும் பாலியெஸ்டர் இழையே பொருந்தும்.

எய்து முடிந்ததும் மரவில்லின் நாணை இறக்கிவிட வேண்டும். அம்பில்லாமல் இழுத்து விடுவது எந்த வில்லுக்கும் கேடு. ஓர் இழை அறுந்தாலும் முடிச்சிட்டுச் சமாளிக்காமல் நாணையே மாற்ற வேண்டும்.