பட்டமும் படுகளமும்: தொலைக்காட்சி மல்யுத்தச் சிறப்பு ஒளிபரப்பு குறித்து அரூரிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருளும் கேள்வியும்

தொழில்முறை மல்யுத்தத்தில் வாராந்திர நிகழ்ச்சிகளுக்கு வெளியே, தனி விளம்பரத்தோடு ஒளிபரப்பாகும் பெரிய நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றை இக்கட்டுரை ‘சிறப்பு ஒளிபரப்பு’ என்று குறிக்கிறது. இத்தகைய நிகழ்ச்சிக்கு உயிர்நாடி சாம்பியன் பட்டப் போட்டி. பட்டம் கைமாறுமா என்ற எதிர்பார்ப்பே மக்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைக்கிறது.

இதன் மீது நெடுங்காலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: “எல்லாம் செட்டப்பு.” அரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், நியூயார்க்கிலும் கேட்கலாம். வெற்றி தோல்வி முன்பே எழுதப்பட்டுவிடுகிறது என்பது உண்மை. மல்யுத்தத்தை நடத்தும் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், தங்கள் மல்யுத்தம் பொழுதுபோக்குக் காட்சியே என்று அன்றைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) நிறுவனம் தெரிவித்தது. விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையும் அதற்கான வரியும் நீங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முடிவு முன்பே தீர்மானமாகிவிட்ட போரில் பட்டத்துக்கு என்ன மதிப்பு? இதுவே இந்த ஆய்வின் கேள்வி. இதற்கான அளவுகோல் வெளியூரில் இல்லை. அரூரை உள்ளடக்கிய தர்மபுரி வட்டாரத்தின் பாரதக் கூத்திலும், துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்திலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மற்போரும் பார்ப்பவரும்

தமிழில் மற்போர் குறித்த பழைய பதிவுகளில் புறநானூற்றின் 80ஆம் பாடல் முக்கியமானது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். மல்லனின் மார்பில் ஒரு கால் ஊன்றி, மறுகாலால் அவன் உத்தியைத் தடுத்து, தலையும் காலும் ஒடியச் சோழன் மோதுவதைப் புலவர் அசைவு அசைவாகக் காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்தக் காட்சியைக் காண வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். போரைப் பார்க்கத் தகுந்த ஒருவர் வேண்டும், அவருக்கும் வீரனுக்கும் இடையே தீராத ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்ற அறிவு அந்தப் பாடலிலேயே இருக்கிறது. மற்போர் கதையாவது அந்த இடத்தில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் கண்காட்சி மல்யுத்தத்துக்கு முகமாக நின்றவர் தாரா சிங். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன் பட்டம் பெற்றார். அவரும், அவரோடு பலமுறை மோதிய கிங்காங் என்ற ஹங்கேரிய வீரரும் தமிழ்நாட்டின் ஊர்ப்பேச்சில் இடம்பெற்ற பெயர்கள். உடல் பருத்தவரை ‘கிங்காங்’ என்றழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கேபிள் இணைப்பும் வந்த பிறகு அமெரிக்க மல்யுத்தம் வீட்டுக்குள் வந்தது. அதைவிட ஆழமாகச் சிறுவர்களிடம் சென்றவை பெட்டிக்கடைகளில் விற்ற சீட்டுகள். ஒரு சீட்டில் வீரரின் படம் இருக்கும். கீழே தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள் என்று எண்கள் வரிசையாக இருக்கும். இருவர் ஆளுக்குப் பாதிக் கட்டைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் ‘எடை’ என்று சொல்ல, எண் பெரிதாக உள்ளவர் மற்றவரின் சீட்டைப் பறிப்பார். தரவரிசை ஒன்று என்ற சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெருவில் தனி மரியாதை. ஆனால் அந்த வீரர் ஏன் முதலிடத்தில் இருக்கிறார், யாரிடம் தோற்று மீண்டார் என்பது சீட்டில் இருக்காது. கதையில்லாத தரவரிசை என்பதைச் சீட்டு விளையாட்டு தாங்கும். ஒளிபரப்பு தாங்காது.

3. சிறப்பு ஒளிபரப்பின் கட்டமைப்பு

3.1 களம்

டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங் சதுரமானது, பக்கத்துக்கு 20 அடி. இரும்புச் சட்டங்கள் மேல் பலகை, பலகை மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இறுக்கிக் கட்டிய கித்தான். விழும் சத்தம் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். சத்தத்தில் நடிப்பின் பங்கு உண்டு. வலியில் அந்த அளவுக்கு இல்லை. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுவதே முதல் பாடம். அதைக் கற்றவருக்கும் கழுத்தும் முழங்காலும் காலப்போக்கில் தேய்கின்றன.

3.2 நேரம்

ரிங்குக்குள் இருக்கும் நடுவர் விதிகளைக் காப்பவர் மட்டும் அல்லர். அவர் காதில் சிறிய ஒலிக்கருவி இருக்கும். விளம்பர இடைவேளைக்கு எத்தனை நிமிடம், முடிவுக்கு எப்போது போக வேண்டும் என்ற தகவல் அதன் வழியே வரும். அவர் அதை இருவருக்கும் மெல்லச் சொல்வார். கூத்து மேடையில் பாட்டின் வேகத்தைத் தாளக்காரர் நிர்ணயிப்பதற்கு நிகரான பணி இது.

3.3 பாத்திரம்

நல்லவர், கெட்டவர் என்ற பிரிவின் மேல்தான் ஆட்டம் நிற்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில் இதை ஆராய்ந்தார். மல்யுத்தம் பார்ப்பவர் யார் வெல்வார் என்று கணக்குப் போடுவதில்லை, ஒவ்வொரு கணத்திலும் துன்பமும் நீதியும் தெளிவாகத் தெரிவதையே விரும்புகிறார் என்பது அவர் கண்டது. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு வரும்போதே அவன் செருக்கு விளங்கிவிடுகிறது. மல்யுத்த வீரரின் நுழைவு இசையும் நடையும் அதே வேலையைச் செய்கின்றன.

4. பட்டத்தின் பொருள்: இரு சான்றுகள்

4.1 1988 பிப்ரவரி 5

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்பான ‘தி மெயின் ஈவென்ட்’ நிகழ்ச்சியை ஏறத்தாழ 3.3 கோடிப் பேர் பார்த்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மல்யுத்தத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய பார்வையாளர் கூட்டம் அதுவே. ஹல்க் ஹோகனின் பட்டத்துக்கு ஆந்த்ரே தி ஜெயன்ட் போட்டியிட்டார். ஹோகனின் தோள் தரையிலிருந்து உயர்ந்த பிறகும் நடுவர் மூன்று வரை எண்ணி ஆந்த்ரேவை வெற்றியாளராக அறிவித்தார். வென்ற ஆந்த்ரே அங்கேயே பட்டத்தைப் பணக்காரப் பாத்திரமான டெட் டிபியாசியிடம் ஒப்படைத்தார். அடுத்த கணம் உண்மையான நடுவர் டேவ் ஹெப்னர் ஓடிவந்தார். எண்ணியவர் அவரைப் போலவே இருக்கும் இன்னொருவர். அவரும் டேவும் நிஜ வாழ்க்கையிலேயே இரட்டைச் சகோதரர்கள்.

இதன் விளைவாகப் பட்டம் காலியானதாக அறிவிக்கப்பட்டது. மார்ச் 27 அன்று நடந்த நான்காவது ரெஸில்மேனியா சிறப்பு நிகழ்ச்சியில் அதற்கெனத் தனித் தொடர் போட்டி நடத்தப்பட்டு ராண்டி சாவேஜ் வென்றார். ஒரு தவறான முடிவு ஏழு வாரக் கதையை ஈன்றது. பட்டத்தைப் பணத்தால் வாங்க முடியுமா என்ற கேள்வி அந்தக் கதைக்குள் இருந்தது. மக்கள் அதற்காகவே காத்திருந்தனர்.

4.2 1997 நவம்பர் 9

கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த சர்வைவர் சீரீஸ் நிகழ்ச்சியில், சாம்பியன் பிரெட் ஹார்ட்டுக்கே தெரியாமல் போட்டியின் முடிவு மாற்றப்பட்டது. அவர் நிறுவனத்தை விட்டு வெளியேற இருந்தார். தன் சொந்த நாட்டில் ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்க அவர் விரும்பவில்லை. ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மஹோனின் உத்தரவுப்படி மணி அடிக்கப்பட்டது.

முடிவு எழுதப்பட்ட ஆட்டத்தில் பட்டம் வெறும் பொம்மை என்றால் இந்தப் பிளவுக்கே இடமில்லை. அந்தத் தோல்பட்டைக்காக இரு தரப்பும் நிஜமாகவே உறவை முறித்துக்கொண்டனர். ஒருவர் உழைத்துச் சுமந்த கதையின் மதிப்பு முழுவதும் அதில் சேர்ந்திருந்தது.

5. இந்தியாவுக்கென ஒரு சிறப்பு: 2021 ஜனவரி 26

5.1 நிகழ்ச்சி

குடியரசு தினத்தன்று ‘டபிள்யூ.டபிள்யூ.ஈ. சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள்’ என்ற சிறப்பு நிகழ்ச்சி சோனி அலைவரிசைகளில் ஒளிபரப்பானது. இந்திய ரசிகர்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்த இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டிராபிகானா ஃபீல்டு. கொரோனா காலம் என்பதால் அரங்கில் ரசிகர்கள் இல்லை. சுற்றிலும் அடுக்கிய எல்.இ.டி. திரைகளில் அவரவர் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் முகங்கள் தெரிந்தன. தமிழுக்கும் தெலுங்குக்கும் உரிய சோனி டென் 4 அலைவரிசை அதே ஆண்டு ஜூனில்தான் தொடங்கியது. ஆகவே அரூரில் இதைப் பார்த்தவர் தன் மொழியில் வர்ணனை கேட்டிருக்க வாய்ப்பு குறைவு.

5.2 போட்டிகள்

ஃபின் பேலர் குரு ராஜை வென்றார். ஏ.ஜே. ஸ்டைல்ஸ் ஜீத் ராமாவை வென்றார். ஷார்லட் ஃபிளேரும் சரீனா சந்துவும் ஒரே அணியாக பெய்லி, நடாலியா இணையை வென்றனர். ரே மிஸ்டீரியோ, ரிக்கோஷே ஆகியோரோடு தில்ஷேர் ஷாங்கி, ஜெயன்ட் ஜஞ்ஜீர் நின்ற நால்வர் அணியும் வென்றது. இறுதிப் போட்டியில் ட்ரூ மக்கின்டயரும் ‘இண்டஸ் ஷேர்’ இணையான ரிங்கு, சௌரவ் இருவரும் ஜிந்தர் மஹால் அணியைத் தோற்கடித்தனர்.

5.3 குறை

இந்தப் பட்டியலில் ஒரு பட்டப் போட்டிகூட இல்லை. ட்ரூ மக்கின்டயர் அப்போது டபிள்யூ.டபிள்யூ.ஈ. சாம்பியன். பேலர் அதே நிறுவனத்தின் என்.எக்ஸ்.டி. பிரிவின் சாம்பியன். இருவரும் பட்டத்தோடு வந்தார்கள், பட்டத்தைப் பணயம் வைக்கவில்லை. குரு ராஜ் வென்றிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது பார்ப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ராண்டி ஆர்ட்டனை வென்று 170 நாள் சாம்பியனாக இருந்தவர் ஜிந்தர் மஹால், இந்திய வம்சாவளியில் கனடாவில் பிறந்தவர். இந்தியாவின் குடியரசு தினத்தில் அவர் வில்லனாக நிறுத்தப்பட்டார், ஸ்காட்லாந்துக்காரரான மக்கின்டயர் நல்லவர் பக்கத்துக்குத் தலைமை ஏற்றார். அந்த மாற்றத்துக்கு ஒரு கதை இருந்திருந்தால் ஏற்கலாம். ஒரே இரவில் அதற்கு இடமில்லை.

2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கில் இதே பெயரில் நிகழ்ச்சி நடந்தபோது நிஜமான கூட்டம் இருந்தது, ஜான் சீனாவும் வந்தார். பெண்கள் உலகப் பட்டத்துக்கான போட்டியும் நடந்தது. ஆனால் அதில் மோதியவர்கள் இந்தியர் அல்லர், ஆஸ்திரேலியாவின் ரியா ரிப்லியும் கனடாவின் நடாலியாவும்.

ஒரே இரவில் முடிந்துவிடும் இத்தகைய நிகழ்ச்சிக்கு மாறான வழி முன்பே காட்டப்பட்டிருக்கிறது. 2012இல் கலர்ஸ் தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக வந்த ‘ரிங் கா கிங்’ புனேயில் படமானது. அதன் முதல் சாம்பியன் அமெரிக்கரான மேட் மார்கன். தொடர் முடியும்போது பட்டம் இந்திய வீரர் மகாபலி வீராவிடம் இருந்தது. சிறிய நிகழ்ச்சிதான். ஆனாலும் பட்டம் கைமாறுவதற்கு வேண்டிய காலத்தை அது எடுத்துக்கொண்டது.

6. படுகளத்தின் அளவுகோல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாட்கள் தொடரும். நிறைவு நாள் காலையில் படுகளம். வெட்டவெளியில் துரியோதனனின் பேருருவை மண்ணால் படுத்த நிலையில் அமைத்திருப்பார்கள். தொடைப் பகுதிக்குள் குங்குமம் கரைத்த செந்நீர் வைக்கப்பட்டிருக்கும். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி, வசனம் பேசி, கதாயுதத்தால் மோதுவார்கள். வீமன் தொடையில் அடிக்கும்போது செந்நீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலை முடிப்பார்கள். காந்தாரியின் ஒப்பாரி எழும். கூட்டம் கலையும்போது அந்த உருவத்தின் மண்ணை எடுத்துப்போய் நிலத்திலும் குதிரிலும் இடுபவர்கள் உண்டு. செஞ்சி வட்டாரத்தின் இம்மரபை அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

வீமன் வெல்வான் என்று அந்தக் களத்தில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். ஒருவரும் அதைச் செட்டப்பு என்று சொல்வதில்லை. காரணங்கள் மூன்று.

ஒன்று, அந்த அடிக்குப் பின்னால் ஒரு சபதம் இருக்கிறது. துகிலுரிதலைப் பார்த்தவர்களே படுகளத்துக்கும் வருகிறார்கள்.

இரண்டு, அடியின் விளைவு களத்திலேயே தெரிகிறது. விரிந்த கூந்தல் முடியப்படுகிறது.

மூன்று, தோற்றவனுக்கும் மரியாதை கிடைக்கிறது. அவனுக்காக அழ ஒரு தாய் இருக்கிறாள்.

சபதம், விளைவு, தோற்றவனின் மரியாதை ஆகிய இம்மூன்றையும் 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் முழுமையாகப் பொருந்துகின்றன. தோற்ற ஹோகனுக்காகக் கூட்டமே கொதித்ததால் மூன்றாவதும் பொருந்துகிறது. 2021ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் மூன்றில் ஒன்றும் இல்லை.

இந்த ஒப்பீட்டை இன்னும் கூர்மையாக்கும் ஓர் உண்மை உண்டு. அந்த இறுதிப் போட்டியில் நின்ற சௌரவ் குர்ஜர்தான் 2013இல் ஸ்டார் பிளஸ் ஒளிபரப்பிய மகாபாரதத் தொடரில் பீமனாக நடித்தவர். தமிழில் விஜய் டிவி அதை ஒளிபரப்பியது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அவர் முகம் மல்யுத்தத்தின் வழியே அறிமுகமானதன்று. அது வீமனின் முகம். படுகளம் பார்த்து வளர்ந்த மண்ணுக்கு அந்த வீமனையே ரிங்கில் நிறுத்தும் வாய்ப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது. அவருக்கு ஒரு பகையும் கொடுக்கவில்லை, ஒரு சபதமும் கொடுக்கவில்லை. அறுவர் போட்டியில் ஒருவராக வந்து போனார்.

7. முடிவுரை

முடிவை முன்பே எழுதுவது குற்றமன்று. நம் கூத்து மரபு முழுவதும் தெரிந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. குற்றம் என்றால் அது முடிவுக்குப் பொருள் இல்லாமல் எழுதுவதுதான். சாம்பியன் பட்டம் என்பது பல மாதக் கதையின் எடையைத் தாங்கும் பொருள். அந்தக் கதையை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் காட்சிக்கு எடுத்துவரும் சிறப்பு ஒளிபரப்பு, பெட்டிக்கடைச் சீட்டின் தரவரிசைக்கு மேல் உயராது.

2025 ஏப்ரல் முதல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிகழ்ச்சிகள் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் வழியே வருகின்றன. இந்தியாவுக்கென மீண்டும் ஒரு சிறப்பு நிகழ்ச்சி வந்தால், அதைச் சமைப்பவர்கள் முதலில் ஒரு பகையை வளர்க்கட்டும். அது முற்றும் வரை பொறுக்கட்டும். பிறகு பட்டத்தை உண்மையிலேயே பணயம் வைக்கட்டும். அதில் இந்திய வீரர் தோற்றாலும் குறையில்லை, தோல்விக்கு ஒப்பாரி வைக்கத் தெரிந்த மக்கள் நாம். நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களும் திரைக்காட்சி ஆய்வாளர்களும் கூத்துக்களத்தையும் மல்யுத்த ரிங்கையும் ஒரே தட்டில் வைத்து ஆராய முன்வர வேண்டும். அரூர் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களிடம் அதற்கு வேண்டிய அறிவு இன்றும் இருக்கிறது. அவர்களை நேரில் கேட்டுப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் அடுத்த படி.