எஸ்போசிட்டோ: ஒரு குடும்பப் பெயர் சொல்லும் வரலாறு



இத்தாலியில் ஆக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர்களில், முதல் பத்துக்குள் வருவது ‘எஸ்போசிட்டோ’. தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில் முதலிடமே இதற்குத்தான். “அப்படின்னா இவங்க எல்லாரும் ஒரே பரம்பரையா சார்?” என்று கேட்பீர்கள். இல்லை. இந்தப் பெயர் பரம்பரையைக் காட்டுவதில்லை. பரம்பரை தெரியாமல் போனதைக் காட்டுகிறது.

‘எக்ஸ்போசிட்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று பொருள். பெற்றோர் கைவிட்ட குழந்தைகளை அப்படித்தான் குறித்தார்கள். நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா என்ற சமய அறநிலையம் இருந்தது. அதன் சுவரில் சுழலும் மர உருளை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். வெளியிலிருந்து குழந்தையை உள்ளே வைத்துச் சுழற்றினால், உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. வறுமையும் ஊரார் பேச்சுக்கு அஞ்சிய பயமும் பலரை அங்கே கொண்டுவந்தன. சிலர் குழந்தையோடு ஒரு பதக்கத்தையோ துண்டுச் சீட்டையோ வைத்துவிட்டுப் போனார்கள். என்றாவது ஒருநாள் அடையாளம் காட்டி மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, பாருங்களேன்!

ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுத ஒரு பெயர் வேண்டுமல்லவா? தகப்பன் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு ‘எஸ்போசிட்டோ’ என்றே எழுதினார்கள். அவர்கள் வளர்ந்து குடும்பமாகி, அதே பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். இப்படித்தான் இரத்த உறவே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே பெயர் வந்தது.

நேப்பிள்ஸ் மட்டும் அல்ல. ஃபுளோரன்சில் 1445-இல் திறக்கப்பட்ட இன்னொசெந்தி குழந்தைகள் இல்லம் ‘இன்னொசெந்தி’ என்ற பெயரைத் தந்தது. மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா; அங்கே விடப்பட்டவர்கள் புறா என்று பொருள்படும் ‘கொலம்போ’ ஆனார்கள்.

பெயரே ஒருவரின் பிறப்பைக் காட்டிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எப்படித் தலைநிமிரும்? 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட முரா மன்னர் காலத்தில் இந்த வழக்கம் தடை செய்யப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு பெயர் வைத்தார்கள். அந்தச் சுழல் உருளையும் 1875-இல் மூடப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வேரூன்றிய பெயர் அழியவில்லை. பிழைப்புக்காக அமெரிக்கா, அர்ஜென்டினா சென்றவர்களோடும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட இத்தாலியின் தொழில் நகரங்களுக்குப் போனவர்களோடும் அது பயணம் செய்தது.

மாணவர்களே, தேர்வில் ஒரு பெயரைச் சான்றாகக் காட்டும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பெயரை வைத்தது யார்? ஏன் வைத்தார்கள்? ‘பலருக்கு ஒரே பெயர், எனவே ஒரே வம்சம்’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். கைவிடப்பட்டதன் அடையாளமாக ஒட்டிய பெயர், இன்று ஒரு நகரத்தின் அடையாளமாகவே நிற்கிறது. அந்த மாற்றத்தை விளக்குவதுதான் வரலாற்றுக் கட்டுரை.