பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிறிய ஸ்பேர் டயர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையோடு பராமரிப்பவர்கள் இன்ஜின், சாயம், இருக்கை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால், பூட்டுக்குள் கிடக்கும் சிறிய ஸ்பேர் டயரைப் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. டயர் பஞ்சராகும் நாளில்தான் அது பொருந்துமா, தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. அந்த நேரம் இரவாகவும் இடம் நெடுஞ்சாலை ஓரமாகவும் இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடும்.

1989-இல் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானில் இது யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையானது. இரண்டு பேர் மட்டுமே அமரும் இந்தக் காரின் சிறிய பூட்டுக்குள்தான் பேட்டரியும் இருக்கிறது, ஸ்பேர் டயரும் இருக்கிறது. முழு அளவு டயருக்கு அங்கே இடம் போதாது என்பதால் தொழிற்சாலையிலேயே சிறிய ஸ்பேர் டயர் வைக்கப்பட்டது.

டயரில் உள்ள எழுத்துகள் என்ன சொல்கின்றன?

எம்எக்ஸ்-5 உடன் வந்த ஸ்பேர் டயரின் அளவு 'டீ 115/70 டி 14'. முதலில் வரும் 'டீ' எழுத்து 'டெம்பரரி', அதாவது தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பதைக் குறிக்கிறது. 115 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் காட்டுகிறது. நடுவில் உள்ள 'டி' எழுத்து 'டயகனல்'. சாதாரண ரேடியல் டயரைப் போலன்றி, உள்ளே நூல் அடுக்குகள் குறுக்காகச் செல்லும் டயர் இது. கடைசியில் உள்ள 14, ரிம்மின் விட்டம் அங்குலத்தில்.

இந்த எண்களை வைத்து டயரின் மொத்த உயரத்தை வீட்டிலேயே கணக்கிடலாம். காரின் வழக்கமான டயர் 185/60 ஆர் 14. அதன் மொத்த விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். சிறிய ஸ்பேர் டயரின் விட்டம் சுமார் 517 மில்லிமீட்டர். இரண்டுக்கும் 61 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால், ஸ்பேர் டயர் பூட்டிய பக்கத்தில் கார் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும். தாழ்வாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சிறிய விஷயமல்ல. வேகத்தடையிலும் தோட்டத்துச் செம்மண் சாலையிலும் அடிப்பகுதி தட்டக்கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது வயது

தொழிற்சாலையில் வந்த டயர்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதில்தான் ஆபத்து அதிகம். அளவு சரியாக இருக்கும். ரப்பர் சரியாக இருக்காது. ஒருமுறைகூட சாலையைத் தொடாத டயராக இருந்தாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகி, வெடிப்பு விட்டுவிடும். நம் நாட்டு வெயிலில் மூடிய பூட்டுக்குள் சேரும் சூடு அதை இன்னும் விரைவுபடுத்துகிறது.

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி இலக்கங்கள் தயாரிப்புத் தேதியைச் சொல்லும். நான்கு இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். உதாரணமாக, 1522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டுமே இருந்தால் அந்த டயர் 2000-க்கு முன்பு தயாரானது. அதன் பட்டைகள் புதிதுபோல் இருந்தாலும் அதை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது.

ஸ்பேர் டயர் உட்பட எந்த டயரையும் 10 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் தரும் பொதுவான ஆலோசனை. மாற்று டயர் வாங்கும்போதும் இதே விதிதான். 20 ஆண்டு பழைய டயரை எடுத்துவிட்டு 15 ஆண்டு பழைய டயரைப் போடுவதில் பயனில்லை.

பொருந்துமா என்பதற்கு நான்கு அளவுகள்

பழைய காருக்கு அதே அளவில் புதிய தற்காலிக டயர் சாதாரண டயர் கடையில் கிடைப்பது அரிது. எனவே, பலர் ஹாஃப் கட் கடைகளில் வேறு காரின் ஸ்பேர் சக்கரத்தைத் தேடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால், கீழ்க்காணும் நான்கையும் அளந்த பிறகே வாங்க வேண்டும்.

முதலாவது, போல்ட் துளைகளின் இடைவெளி. பட்டறைகளில் இதை பி.சி.டி. என்பார்கள். எம்எக்ஸ்-5 காருக்கு 4 துளைகள், 100 மில்லிமீட்டர். புரோட்டோன் வீரா, பெரோடுவா மைவி ஆகியவற்றிலும் இதே அளவுதான். ஆனால், டொயோட்டா ஏஇ86, டட்சன் 240இசட் ஆகிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கும் 114.3 மில்லிமீட்டர். நான்கு துளை ரிம்மில் இதை அளப்பது எளிது. ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து நேரெதிர்த் துளையின் உள் விளிம்புவரை அளந்தால் போதும்.

இரண்டாவது, ரிம்மின் நடுத்துளை. எம்எக்ஸ்-5 காருக்கு 54.1 மில்லிமீட்டர். மைவிக்கும் அதேதான். புரோட்டோன் வீராவுக்கு 56.1. நடுத்துளை சிறியதாக இருந்தால் ரிம் ஹப்பில் உட்காரவே உட்காராது. பெரியதாக இருந்தால் உட்காரும், ஆனால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் வேலை முழுவதும் நட்டுகளின் மீது விழும். இதற்கென விற்கப்படும் ஹப் வளையத்தைப் போடுவது நல்லது.

மூன்றாவது, பிரேக்குக்கு இடம். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரின் முன் பிரேக் தட்டு 235 மில்லிமீட்டர். 1993-இல் வந்த 1.8 லிட்டர் மாடலில் அது 255 மில்லிமீட்டர் ஆனது. பிறகு பெரிய பிரேக் பொருத்திய கார்களும் உண்டு. அத்தகைய காரில் 14 அங்குல ஸ்பேர் ரிம் கேலிப்பரில் இடித்து நிற்கலாம். பிரேக்கை மாற்றியவர்கள் ஸ்பேர் சக்கரத்தையும் மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மொத்த விட்டம். வழக்கமான டயருக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளதோ அவ்வளவு நல்லது. 'டீ 125/70 டி 15' டயரின் விட்டம் 556 மில்லிமீட்டர். காரின் 578 மில்லிமீட்டர் டயரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய 14 அங்குல ஸ்பேர் டயரில் அந்த வித்தியாசம் 10 விழுக்காட்டுக்கு மேல். 15 அங்குல ரிம் பிரேக்குக்கும் கூடுதல் இடம் தரும். ஆனால், அது பூட்டில் உள்ள இடத்தில் அடங்குமா என்பதை வாங்கும் முன்னரே அளந்துகொள்ள வேண்டும்.

பணத்தை மிச்சப்படுத்த, குறுகலான ஸ்பேர் ரிம்மில் சாதாரண 185 அளவு டயரை ஏற்றும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது பாதுகாப்பானதல்ல. அந்த ரிம்மின் அகலம் அத்தகைய டயருக்கு உரியதல்ல.

பின் சக்கரம் பஞ்சரானால்

எம்எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் சக்கரங்களே காரைத் தள்ளுகின்றன. பலவற்றில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உண்டு. இரண்டு பின் சக்கரங்களும் மிக வேறுபட்ட வேகத்தில் சுழலாமல் தடுக்கும் அமைப்பு அது. ஒரு பக்கம் பெரிய டயர், மறு பக்கம் சிறிய டயர் என்றால் நேர்ச் சாலையிலும் இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழலும். டிஃபரன்ஷியல் ஓயாமல் அதோடு போராடிச் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

ஆகவே, பின் டயர் பஞ்சரானால் ஸ்பேர் டயரை அங்கே போடக் கூடாது. முதலில் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி அங்கே ஸ்பேர் டயரைப் போட வேண்டும். கழற்றிய நல்ல சக்கரத்தைப் பின்னால் பூட்ட வேண்டும். வேலை இரண்டு மடங்குதான். ஆனால், பழைய காரின் டிஃபரன்ஷியலைத் தேடிப் பிடித்து மாற்றும் செலவோடு பார்த்தால் இது பெரிதல்ல.

காற்றும் வேகமும்

இத்தகைய ஸ்பேர் டயர்களுக்குக் காற்றழுத்தம் பொதுவாக 60 பிஎஸ்ஐ, அதாவது 420 கிலோபாஸ்கல். சாதாரண டயரைப்போல் இரண்டு மடங்கு. மாதம் ஒருமுறை மற்ற டயர்களோடு இதையும் சோதிக்க வேண்டும்.

வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 அனுமதி இருந்தாலும் இடது தடத்தில் மெதுவாகச் சென்று, கிடைக்கும் முதல் டயர் கடையில் சரிசெய்வதே முறை. மழையில் இன்னும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அகலம் குறைந்த டயர் ஈரச் சாலையில் பிடிப்புத் தராது. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

திரவ மருந்து போதுமா?

2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் ஸ்பேர் டயருக்குப் பதிலாக, ஓட்டையை அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் கொடுக்கப்பட்டன. ஆணி குத்திய சிறு ஓட்டைக்கு இது உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் மட்டை முள்ளும் கூர்மையான கல்லும் பக்கச் சுவரைப் பதம் பார்ப்பது வழக்கம். அங்கே அடிக்கடி செல்பவர்கள் திரவத்தை மட்டும் நம்பாமல், பொருந்தும் ஸ்பேர் சக்கரத்தையும் வைத்திருப்பது நல்லது.

வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை

வாங்கிய சக்கரத்தைப் பூட்டில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. சமதளத்தில் காரை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் இரண்டு இடத்திலும் பூட்டிப் பார்க்க வேண்டும். கையால் சுழற்றும்போது எங்கும் உரசக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்போர்ட் ரிம்முக்கு வாங்கிய நட்டு இரும்பு ரிம்மில் சரியாக அமர்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அமராவிட்டால் ஏற்ற நட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஜாக்கி வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5 காரின் கதவுக்குக் கீழே உள்ள பகுதி துருப்பிடிப்பதற்குப் பெயர்போனது. துருப்பிடித்த இடத்தில் ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே போய், கார் சரியும். கழற்றிய பெரிய சக்கரம் ஸ்பேர் டயரின் இடத்தில் அடங்காது. அது பயணி இருக்கையில்தான் வரும். ஒரு பழைய சாக்கை காரில் வைத்திருந்தால் இருக்கை அழுக்காகாது.

நெடுஞ்சாலையில் பஞ்சரானால், முடிந்தவரை மெதுவாக ஓட்டி ஓய்விடத்தை அடைய வேண்டும். முடியாவிட்டால் அவசரத் தடத்தில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, தடுப்புக்கு அப்பால் நின்று உதவியை அழைக்க வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். கனரக வாகனங்கள் விரையும் பக்கத்தில் குனிந்து நின்று சக்கரம் மாற்றுவதைவிட உதவிக்குக் காத்திருப்பதே மேல்.