தூத்துக்குடி: ஆறெழுத்தா, பன்னிரண்டா?

கொச்சி ‘கொச்சின்’ ஆனது. குமரி ‘கொமோரின்’ ஆனது. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனது. மூன்றின் கடைசியிலும் ஒட்டிக்கொண்ட னகரம் ஓசைக்காகச் சேர்ந்தது என்று 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் சொல்கிறார். டகரம் ரகரமானதும் புதிதல்ல. தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ ஆனதும் அப்படித்தான்.

‘குடி’ என்றால் குடியிருப்பு. காரைக்குடி, மன்னார்குடி போல இதிலும் ஐயமில்லை. முன்பாதிக்குத்தான் விளக்கங்கள் பல. கிணறுகள் தூர்ந்துபோகும் ஊர் ‘தூர்த்துக்குடி’ என்ற வழக்கைக் கால்டுவெல் எடுத்துக்காட்டுகிறார். அது மெய்யோ அல்லவோ, ஊரின் இயல்புக்குப் பொருந்துகிறது என்பது அவர் கருத்து. ஒலி நோக்கிலும் தடையில்லை. பேச்சில் பார்த்து ‘பாத்து’ ஆகும், சேர்த்து ‘சேத்து’ ஆகும். தூர்த்து ‘தூத்து’ ஆகாதா?

முத்தையும் துறைமுகத்தையும் நாடிப் போர்ச்சுகீசியர் வந்தனர், 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர், பிறகு ஆங்கிலேயர். அவரவர் காதுக்கு எட்டியபடி ஊர்ப்பெயரை எழுதிவைத்தனர். இன்று ஆவணங்களில் இந்த வடிவங்களையெல்லாம் ஒரே வீச்சில் தேடிப் பிடிக்க நிரலாளர்கள் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்னும் தேடல் வாய்பாட்டை எழுதுகிறார்கள்.

தமிழ் வடிவத்துக்கே அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘க்’ என்னும் ஒற்றை விட்டு ‘தூத்துகுடி’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். இரண்டும் அகப்படட்டும் என்று ‘தூத்துக்?குடி’ எனத் தேடினால் ஒற்றில்லாத வடிவம் தப்பிவிடும். தனக்கு முன்னால் இருப்பது வரலாம், வராமலும் போகலாம் என்பது அந்தக் கேள்விக்குறியின் பொருள். யூனிகோடில் ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். கேள்விக்குறி புள்ளியோடு நின்றுவிடுகிறது. ‘தூத்து(க்)?குடி’ என்று அடைப்புக்குறி இட்டால்தான் இரண்டும் சிக்கும்.

நமக்கு இது ஆறெழுத்துப் பெயர். யூனிகோடுக்கோ 12 குறிகள். பைத்தான் மொழியோடு வரும் தேடல் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’களை மட்டும் கேட்டால் த, த, த, க, க, ட என்று ஆறு துண்டுகள் வரும். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கொள்வதில்லை. ‘ஓப்பன் தமிழ்’ நூலகமோ தூ, த், து, க், கு, டி என்று முறையாகப் பிரிக்கிறது.

தமிழ் ஆவணங்களில் ஊர்ப்பெயர் தேடும் நிரலை எழுதுவோர் முதலில் எழுத்தைப் பிரிக்கட்டும், பிறகு வாய்பாட்டை எழுதட்டும். வரிசை மாறினால் ‘தூத்துகுடி’ அகப்படாமல் போகலாம்.