காவிரிப் படுகையின் டைனோசர்கள்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளிலிருந்து எலும்பாகவும் பல்லாகவும் வெளிப்பட்ட விலங்குகளே காவிரிப் படுகையின் டைனோசர்கள். இவற்றில் பெரும்பேர் பெற்றது பிருகத்காயோசாரஸ். உலகில் இதுவரை நடமாடிய தரைவிலங்குகளிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அதன் எலும்புகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை.

தமிழகம் எங்கும் இப்படி எலும்பு கிடைத்துவிடாது. கொங்கு நாட்டுத் திருப்பூரில் இந்தக் கதை நடந்திருக்க வழியில்லை. பனியன் கம்பெனிக்கோ சாயப்பட்டறைக்கோ போர் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றால், மேல்மண்ணைத் தாண்டியதும் கடும்பாறைதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியாழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. எலும்புள்ள உயிரே தோன்றாத காலத்துப் பாறையில் எலும்பைத் தேடிப் பயனில்லை. டைனோசர்கள் கொங்கு மண்ணிலும் உலவியிருக்கலாம். அவற்றை மூடிக் காக்க வண்டல் படியவில்லை, அவ்வளவே.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் கலக்கும் காவிரியோடு கிழக்கே போனால், திருச்சியைத் தாண்டியதும் நிலத்தின் குணமே மாறுகிறது. அண்டார்டிகாவை விட்டு இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையோர நிலம் பள்ளமாக இறங்கியது. அதற்குள் கடல் ஏறியது, பின்வாங்கியது, மீண்டும் ஏறியது. இன்று அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனியாகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றது. கடல் விலகிய கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் சேர்ந்த அடுக்குக்குக் கல்லமேடு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். டைனோசர் எலும்புகள் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் வருகின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லை வரையிலான காலம் அது.

முதலில் ஆய்வாளர்களை இழுத்தவை கடற்சிப்பிகள். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியின் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து 1862-இல் எழுதிய அறிக்கைதான் இன்றைய வகைப்பாட்டுக்கும் அடித்தளம். டைனோசர்களுக்கென்று தனிக் கட்டுரை வர 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எழுதியவர் சார்லஸ் மேட்லி.

அரை நூற்றாண்டு கழித்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இரண்டு பெரும் அறிவிப்புகளைச் செய்தார்கள். 1979-இல் வந்தது திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. முதுகில் தட்டுகள் வரிசை கட்டிய ஸ்டெகோசார் குடும்பத்தின் கடைசி வாரிசு இது என்றார்கள். மற்ற நாடுகளில் அக்குடும்பம் அழிந்து வெகுகாலமான பிறகும் தென்னிந்தியாவில் பிழைத்திருந்ததாக அதன் பொருள். சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் 1996-இல் இதை மறுத்து, அவை பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் என்றனர். கண்டெடுத்த அடுக்கு கடலில் படிந்தது என்பதும் இந்த மறுப்புக்கு இசைவாக இருக்கிறது.

இரண்டாவது அறிவிப்பு பிருகத்காயோசாரஸ் மேட்லீயைப் பற்றியது; 1980-களின் பிற்பகுதியில் வந்தது. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு ஆகியவை கல்லமேட்டருகே கிடைத்தன. கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். வீட்டு வாசற்கதவு உயரம். பேருருவ டைனோசராக அறியப்பட்ட அர்ஜென்டினோசாரஸுக்கே அது ஏறத்தாழ 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஐயம் வியப்பாகத் தோன்றாது.

ஐயத்தைத் தீர்க்க எலும்பு வேண்டுமே! புதைபடிவத்தை எடுக்கும்போது துணியும் பிளாஸ்டரும் சுற்றிக் கட்டு போடுவது வழக்கம். கல்லமேட்டு எலும்புகள் அந்தக் கட்டுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கிவிட்டன என்று 2017-இல் வெளியான கட்டுரை ஒன்று தெரிவித்தது. தமிழகத் தொல்லுயிரியலுக்கு நேர்ந்த இழப்புகளில் இதைவிடப் பெரியதைச் சொல்ல முடியாது. 2022-இல் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும், களத்தில் எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படங்களை வெளியிட்ட பிறகுதான் எலும்புதான் என்ற நம்பிக்கை வலுத்தது. அடுத்த ஆண்டே கிரெகரி பால் (இவர் வேறொரு பால்), லாரமெண்டி இருவரும் அதன் எடையை 110 முதல் 170 டன் என்று மதிப்பிட்டனர். அது நீலத் திமிங்கிலத்தின் எடை வரிசை.

தண்ணீரின் தாங்கல் இல்லாமல் இவ்வளவு உடலைச் சுமக்க, நீள்கழுத்து டைனோசர்களின் உடலமைப்பே துணை நின்றது. பறவைகளுக்கு இருப்பதுபோல நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் முள்ளெலும்புகளுக்குள்ளும் புகுந்திருந்தன. கழுத்து நீண்டாலும் கனக்கவில்லை. தலை சிறியது, மெல்லும் வேலையே கிடையாது. தழையைப் பறித்து அப்படியே விழுங்கினால் மிச்சத்தை வயிறு நாள்கணக்கில் நொதிக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும். நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி மேயலாம் என்பதால் நடைச்செலவும் மிச்சம். உணவிலும் கண்டிப்பு இல்லை: மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த சாணப் படிவங்களில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005-இல் கண்டறிந்தார்கள். முட்டையோ சிறியது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2023-இல் விவரிக்கப்பட்ட 92 கூடுகளின் 256 முட்டைகள் சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை. குஞ்சுகள் மிக வேகமாக வளர்ந்தாக வேண்டும். நீள்கழுத்து டைனோசர்களின் எலும்பு வெட்டுகள் அந்த வேகத்தைக் காட்டுகின்றன.

காவிரிப் படுகையில் வேட்டையாடிகளின் தடயமாக அபெலிசாரிட் பற்கள் கிடைத்திருக்கின்றன. குஜராத்தின் ராஜாசாரஸ், மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் ஆகியவற்றின் உறவு இவை. குட்டையான வலிய மண்டையோடும், ஏறக்குறைய பயனற்றுச் சுருங்கிய முன்கையும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். பல் விழ விழப் புதுப்பல் முளைத்தது. மஜுங்காசாரஸுக்கு இரண்டு மாதத்துக்கொரு முறை.

இவற்றையெல்லாம் விட ஆய்வாளர்களை அசத்தியது ஒரேயொரு சின்னப் பல். 2013-இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் அது ட்ரூடோன்டிட் இனத்தின் பல் என்று அறிவித்தனர். விளிம்பில் கொக்கிபோல் வளைந்த பெரிய ரம்பப் பற்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. உடலளவுக்குப் பெரிய மூளையும் பெரிய கண்களும் கொண்ட, பறவைகளுக்கு நெருங்கிய இனம் அது. அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தீவாகத் தனித்து மிதந்த இந்தியாவில் அது எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, கண்டங்கள் பிரியும் முன்பே பரவியிருக்க வேண்டும் என்பதே ஏற்கத்தக்க விடையாகத் தெரிகிறது. கல்லமேட்டுக் களிமண்ணைக் கரைத்துச் சலித்துத் தேடும் பொறுமைதான் இங்கே பெரிய எலும்புகளைவிட அதிகம் சொல்லியிருக்கிறது.

மக்களின் ஆர்வமும் குறைவில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரி தூர்வாரிய இடத்தில் உருண்டையான கற்கள் தென்பட்டதும் டைனோசர் முட்டை என்று படங்கள் பரவின. ஆய்வாளர்கள் பார்த்தபோது அவை அம்மோனைட் என்னும் சுருள்சிப்பிகளைச் சுற்றிச் சுண்ணாம்பு திரண்ட உருண்டைகள் என்று தெரிந்தது. உண்மையான முட்டையென்றால் மேலே மெல்லிய ஓடு இருக்கும். அதைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஓட்டின் படிக அமைப்பும் குஞ்சு மூச்சுவிட்ட துளைகளும் தெரியும்.