வலியில் பால் வேறுபாடு

ஒரே அளவு சூடு, குளிர் அல்லது அழுத்தம் பட்டாலும் ஆண்களும் பெண்களும் அதை உணர்வதிலும் வெளியே சொல்வதிலும் உள்ள வேறுபாடு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெண்கள் சராசரியாகச் சற்று முன்னதாகவே 'வலிக்கிறது' என்கிறார்கள். அழுத்தச் சோதனையில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இது சராசரிதான். பல ஆண்களைவிட அதிகம் தாங்கும் பெண்கள் ஏராளம். ஆகவே 'பெண்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு' என்பதும், 'பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா' என்பதும் ஒருசேரத் தவறு.

நாட்பட்ட வலியில் வேறுபாடு இன்னும் பெரிது. ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். சிறுவயதில் இந்த வேறுபாடு அநேகமாக இல்லை. பூப்புக்குப் பின்பே தோன்றுவதால் ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. முடக்குவாதமும் முழங்கால் தேய்மானமும் பெண்களையே கூடுதலாகப் பிடிக்கின்றன. கௌட் எனும் யூரிக் அமில மூட்டுவலி ஆண்கள் பக்கம். 2015இல் வெளியான ஒரு எலி ஆய்வில், நாட்பட்ட வலியைத் தண்டுவடத்தில் நிலைநிறுத்துபவை ஆண் எலிகளில் மைக்ரோக்ளியா எனும் நோயெதிர்ப்புச் செல்கள் என்றும், பெண் எலிகளில் அந்த வேலையை வேறு நோயெதிர்ப்புச் செல்கள் செய்வதாகவும் தெரிந்தது. வலி ஆய்வுகள் நெடுங்காலம் ஆண் எலிகளை வைத்தே நடந்தவை.

வலியை வெளியே சொல்வதிலும் வளர்ப்பின் கை உண்டு. 1991இல் நடந்த ஒரு சோதனையில், கேட்டவர் பெண்ணாக இருந்தபோது ஆண்கள் தங்கள் வலியைக் குறைத்துச் சொன்னார்கள். 'ஆம்பளை அழலாமா' என்று வளர்க்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

கொங்கு நாட்டில் இந்தப் பொருளை ஆலைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில், 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் நிறுவப்பட்ட நிறுவனம் நூற்பாலை இயந்திரங்களைச் செய்கிறது. அத்தகைய இயந்திரங்கள் ஓடும் ஆலைகளில், ரிங் பிரேம் எனும் நூற்பு இயந்திர வரிசைகளுக்கிடையே நடந்து, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டிக்கொண்டே ஷிப்ட் முழுக்க நிற்பவர்களில் பெண்களே இப்போது அதிகம். குறுக்கு வலியும் கெண்டைக்கால் வலியும் அந்த வேலையோடு வருபவை. மாதவிலக்கு வலி அதன்மேல் சேர்கிறது.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் விசாரித்தது. வயிற்றுவலி என்று சொன்னால் ஓய்வுக்குப் பதிலாகப் பெயரில்லாத மாத்திரையை நீட்டுகிறார்கள் என்பதே அவர்கள் சொன்னது. சோதித்ததில் அவை ஐபுப்ரோஃபன் போன்ற மருந்துகள் எனத் தெரிந்தது. கருப்பையைச் சுருக்கி வலி தரும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பை இவை குறைக்கும். மாதவிலக்கு வலிக்கு ஏற்ற மருந்துதான். ஆனால் வெறும் வயிற்றில், அளவு தெரியாமல், மாதந்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இங்கே வலி ஒரு நோயாகக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை, உற்பத்திக்கு வந்த தடையாகவே பார்க்கப்பட்டது.

மருத்துவமனையிலும் கவனம் தேவை. மாரடைப்பில் இருபாலருக்கும் நெஞ்சுவலியே முதன்மை. எனினும் பெண்களுக்குத் தாடை, முதுகு வலி, குமட்டல், மூச்சுவாங்கல் ஆகியவை சேர்ந்து வருவது அதிகம். 'கேஸ்' என்று சோடா குடிக்க வைப்பதும் அதனால்தான். அப்படிப்பட்ட அறிகுறி திடீரென வந்தால் 108ஐ அழைத்து, உடனே ஈசிஜி எடுத்துவிட வேண்டும்.