பார்த்ததா, படிச்சதா? – வயிற்றுக்குள் ஒரு சவ்வின் கதை

டிஸ்கி: சாப்பாட்டுத் தட்டோடு கணினி முன்னாடி உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரவும். இது வயிற்றுக்குள்ளே போகிற பதிவு :-)

போன மாதம் உடற்கூறு ஆய்வகத்தில் ஒரு குட்டு வாங்கினேன். குட்டுன்னுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு கேள்விதான். முதுகலையில் இந்தப் பருவம் எங்களுக்கு வயிறு. மேசைக்கு நாலு பேர். மேசையில் இருந்த பெரியவர், உயிரோடு இருக்கும்போதே தன் உடலை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர். வயது 84 என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், பெயர் தெரியாது.

பெருங்குடலைத் தூக்கிப் பார்த்து ஒரு தாளை நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: ஏறு பெருங்குடலுக்கு மெசன்டரி உண்டா? நான் யோசிக்கவே இல்லை. "இல்லை"ன்னு எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். பின்னால் வந்து நின்ற பயிற்றுநர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது நீ பார்த்ததா, படிச்சதா?"

படிச்சதுதான். ஊரில் இளங்கலை படிக்கும்போது சீனியர்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்த பழைய ஜெராக்ஸ் நோட்ஸில் படிச்சது. குடல் என் கையில்தான் இருந்தது, ஆனால் நான் அதைப் பார்க்கவே இல்லை. மானம் போனதைவிட, இந்த "இல்லை" எங்கிருந்து வந்ததுன்னுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் போனேன். கிடைத்த கதைதான் இது.

முதலில் மெசன்டரின்னா என்ன? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்குடல் சுத்தம் பண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். குடலோடு சேர்ந்து கொழுப்பு படர்ந்த ஒரு சவ்வு வருமே, அதுதான். குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருப்பது அது. குடலுக்குப் போகிற ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய், நரம்பு எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. நம் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். ஆனால் அதைத் தாங்குகிற சவ்வு பின்சுவரைப் பிடித்திருக்கிற இடம் சுமார் 15 சென்டிமீட்டர்தான். சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகுகிற இடத்தில் ஒரு பிடி, கீழே விரிந்தால் அத்தனை அகலம். கொசுவம் ஒழுங்காக இருக்கிறவரை குடல் முறுக்கிக்கொள்ளாது.

சிறுகுடலுக்கு இது இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பெருங்குடலின் வலப்பக்கம் மேலே ஏறுகிற பகுதியிலும் இடப்பக்கம் கீழே இறங்குகிற பகுதியிலும்தான் சண்டை.

அதற்குப் போகும் முன் ஒரு பழைய கதை. ரோமாபுரிக் காலத்து மருத்துவர் காலன் (2ஆம் நூற்றாண்டு) மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லாமல் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து எழுதினார். அந்த எழுத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் வேதவாக்காக இருந்தது. கல்லீரலுக்கு ஐந்து மடல் என்பது அந்த மரபில் வந்த பாடம். பிறகு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மனித உடலை அறுத்தார்கள்தான். ஆனால் எப்படி? பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாசிப்பார், கீழே நாவிதர் ஒருவர் அறுப்பார். வாசித்தவர் உடலைப் பார்க்கவில்லை, பார்த்தவருக்குப் பேச உரிமை இல்லை.

இதை உடைத்தவர் என்று எல்லோரும் கொண்டாடுகிற வெசாலியஸ், தானே கத்தியைக் கையில் எடுத்தவர். அவரே 1538இல் வெளியிட்ட படங்களில் கல்லீரலை ஐந்து மடலோடுதான் வரைந்திருக்கிறார்! அதற்குள் அவர் மனித உடல்களை அறுத்திருந்தார். கண் முன்னால் இருந்ததைவிடப் புத்தகம் பலமாக இருந்திருக்கிறது. 1543இல் வந்த பெரிய நூலில்தான் அதைத் திருத்தினார். அதற்குப் பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் என்ன சொன்னார் தெரியுமா? காலன் தப்பில்லையாம், காலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்பு மாறிவிட்டதாம்! 1551இல் தன் மாணவரைப் பைத்தியக்காரன் என்று திட்டி ஒரு புத்தகமே போட்டார்.

இதெல்லாம் அந்தக் காலம், அறிவியல் வளராத காலம்னு நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். என் "இல்லை" அங்கேதான் இடிக்கிறது. அது 1885இல் லண்டனில் பிறந்தது.

ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவரைப் பலருக்கு 'யானை மனிதன்' ஜோசப் மெரிக்கின் மருத்துவராகத் தெரிந்திருக்கும். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வயிற்றில் சீழ் கட்டியபோது கத்தி வைத்தவரும் அவர்தான். (விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது.) இவர் 1885இல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் நடத்திய சொற்பொழிவுகளில், 100 உடல்களைச் சோதித்துக் கணக்குக் கொடுத்தார். 52 பேருக்கு ஏறு பெருங்குடல், இறங்கு பெருங்குடல் இரண்டுக்குமே மெசன்டரி இல்லை. 22 பேருக்கு இறங்கு பகுதிக்கு மட்டும் உண்டு. 12 பேருக்கு ஏறு பகுதிக்கு மட்டும் உண்டு. 14 பேருக்கு இரண்டுக்கும் உண்டு. இந்தக் கணக்கு அப்படியே கிரேஸ் அனாட்டமியின் பழைய பதிப்புகளுக்குள் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து மற்ற பாடநூல்கள், பாடநூல்களிலிருந்து நோட்ஸ், நோட்ஸிலிருந்து ஜெராக்ஸ், ஜெராக்ஸிலிருந்து நான்.

வேடிக்கை என்னவென்றால், ட்ரீவ்ஸுக்குச் சில வருஷம் முன்னாலேயே சரியான விடை வந்துவிட்டது. அப்போது ப்ராகிலும் பிறகு வியன்னாவிலும் பேராசிரியராக இருந்த கார்ல் டோல்ட், கருவிலிருந்து பெரியவர்கள் வரை குடல் சவ்வு எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்தார். கருவில் குடல் முழுக்க ஒரே சவ்வில் தொங்குகிறது. ஆறாவது வாரத்தில் குடல் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் போய், பத்தாவது வாரவாக்கில் திரும்பி வருகிறது. இதற்குள் மொத்தமாக முக்கால் சுற்று சுற்றிவிடுகிறது. அதன்பிறகு பெருங்குடலின் இரு பக்கத்துச் சவ்வும் பின்சுவரில் படிந்து ஒட்டிக்கொள்கிறது. மறைந்து போவதில்லை, ஒட்டிக்கொள்கிறது. நடுவில் மெல்லிய இணைப்புத் திசு ஒன்று இருக்கிறது என்பதையும் டோல்ட் கண்டுபிடித்துச் சொன்னார்.

சுவரில் ஒட்டின சினிமா போஸ்டர் மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆடவில்லை என்பதற்காகப் போஸ்டரே இல்லைன்னு சொல்ல முடியுமா? ட்ரீவ்ஸ் தேடியது ஆடுகிற போஸ்டரை. அவர் பொய் சொல்லவில்லை, எண்ணினதும் உண்மையாகவே எண்ணினதுதான். ஆனால் தூக்கினால் மடிப்பாக எழும்பி வராததை "இல்லை" என்று எழுதிவிட்டார். டோல்ட் கண்ட திசு, போஸ்டருக்குப் பின்னால் இருக்கிற பசை.

இதைவிடப் பெரிய வேடிக்கை அறுவை அரங்கில். பெருங்குடலை எடுக்கும்போது பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அதில் திறந்தால் ரத்தம் அதிகம் இல்லாமல் குடல் சவ்வோடு எழும்பி வரும். அந்தக் கோட்டுக்குப் பெயரே டோல்ட்டின் கோடு. ஆக, கையால் டோல்ட்டைப் பின்பற்றிக்கொண்டே வாயால் ட்ரீவ்ஸைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் இருந்த பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர், மலக்குடல் புற்றுநோயில் குடலை மட்டும் எடுக்காமல் அதைச் சுற்றியிருக்கிற சவ்வையும் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்று எழுதினார். புற்றுத் துணுக்குகள் அந்தச் சவ்வுக்குள் தங்கிவிட்டால் நோய் அதே இடத்தில் திரும்ப வரும். இந்த முறை பரவிய பிறகு அப்படித் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. "இல்லை" என்று நாம் எழுதுகிற ஒரு பொருளில் ஒருவர் உயிர் தங்கியிருக்கலாம்.

கடைசியில் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபி குழுவினர் 2012இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், சிறுகுடல் தொடக்கத்திலிருந்து மலக்குடல் வரை மெசன்டரி அறுபடாத ஒரே அமைப்பு என்று காட்டினார்கள். 2016இல் அதை ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்று எழுத, "மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு"ன்னு செய்திகள் பறந்தன. புதுசு ஒன்றுமில்லை. உறுப்பு என்று எதைச் சொல்வது என்பதற்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை கிடையாது. புதுசு, 100 வருஷத்துக்கு மேல் இருந்த ஒரு "இல்லை" போனதுதான்.

எனக்கு இதில் இன்னொன்றும் உறைத்தது. ட்ரீவ்ஸ் காலத்து பிரிட்டனில், 1832ஆம் வருஷச் சட்டப்படி அறுப்பு மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கேட்பாரில்லாமல் இறந்தவர்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. 52, 22, 14, 12 என்று நமக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் மேசைப் பெரியவர் அப்படி வந்தவர் இல்லை. பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அவர் முன்னால் நின்றுகொண்டு ஜெராக்ஸைத்தான் நான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடினேன். ஃபார்மலினில் இறுகிப் போயிருந்ததால் நேரம் பிடித்தது. விரலை மெதுவாகச் செலுத்த, ஏறு பெருங்குடல் சவ்வோடு எழும்பி வந்தது. அதைத் தொடர்ந்துகொண்டே போனால் சிறுகுடல் சவ்வில் போய் முடிந்தது, நடுவில் எங்கேயும் அறுபடவில்லை. தாளில் "இல்லை"யை அடித்துவிட்டு "உண்டு"ன்னு எழுதினேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பி.கு: அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். "ஏண்டி, குடல் கழுவுறப்ப அது ஒரே சவ்வாத்தானே வருது? இதுக்கா இத்தனை வருஷம்?"ன்னாங்க. நோட்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டிருக்கணும் :-(